பேஸ்போல் என்று எழுதிய மைதானம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிறகு பாரிசின் லா சப்பலில் மூன்று கடை திறந்தேன். அது பெரிதல்ல. எண்பதுகளில் ஒரு திங்கட்கிழமை, படித்தவர்கள் எல்லாம் வாயடைத்து நிற்க, இரண்டு ஊர்களின் மைதானத்தை ஒற்றை ஆளாகக் காப்பாற்றினேனே, அதுதான் பெரிது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஓர் ஒழுங்கைதான். கிரிக்கெட் என்று வந்தால் அது கடல். பாரிசுக்கு வந்தும் அந்தப் பகை ஆறவில்லை. வருடத்துக்கு மூன்று ஆட்டம். இரண்டில் வெல்பவருக்கு ஓர் எவர்சில்வர் வாளி. உணவகங்களில் நாளெல்லாம் கோப்பை கழுவுகிற எங்களுக்கு இன்னொரு கோப்பை எதற்கு?

இரண்டு பூங்காக்களில் எங்களைத் துரத்திவிட்டார்கள். கடைசியில், தபால் கந்தோரில் வேலைசெய்த பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் பாரிசுக்கு வெளியே செவ்ரான் பக்கம் ஒரு புல்வெளிக்கு அனுமதி எடுத்துத் தந்தார். அதுவும் போனால் வேறு இடமில்லை.

அந்த வருடம் ஆளுக்கொரு ஆட்டம் வென்றிருந்தோம். மூன்றாவதற்குக் கம்பு நடும்போது நகரசபைக் காவலாளி வந்து அனுமதித் தாளை விரித்தார்.

"இதில் பேஸ்போல் என்று இருக்கிறது. இந்த மூன்று தடி எதற்கு?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எல்லோரும் பாண்டிச்சேரிக்காரரைப் பார்த்தோம்.

"ஃபார்ம்ல கிரிக்கெட்டுக்குக் கட்டமே இல்லீங்க. ரெண்டும் கட்டையும் பந்தும்தானேன்னு அதுல கோடு போட்டுட்டேன்."

பக்கத்து ஊர்க் கப்டன் ஊரில் வாத்தியாராக இருந்தவர். மாஸ்டர் என்போம். ஆட்ட நாளில் என்னிடம் வாய் திறந்தால் நக்கலுக்குத்தான். அன்று முகம் வெளிறிக் கேட்டார்.

"தம்பி, பேஸ்போல் எண்டால் என்னண்டு ஆருக்கும் தெரியுமோ?"

அமெரிக்கர்கள் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதை ஒருதரம் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். எனக்கு அது போதும்.

"மாஸ்டர், அது எங்கடை எல்லேதான்! புடுங்குங்கோ கம்பை!"

எல்லே நாங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடியது. தடியால் அடித்துவிட்டு மூலைகளைச் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். ஓடும்போது எறிந்த பந்து உடம்பில் பட்டால் அவுட். நான்கு மூலைக்கும் காலிலிருந்து கழற்றிய நான்கு சப்பாத்து வைத்தோம். பிடுங்கிய கம்பே தடி. "பேஸ்போல், முசியே!" என்று காவலாளிக்கு நானே அறிவித்தேன்.

அவர் புல்லில் உட்கார்ந்தார். அரை மணித்தியாலத்தில் எழுந்து நின்றார். பிறகு விசிலை எடுத்து நடுவராகவே ஆகிவிட்டார்.

அவர்கள் எட்டு ஓட்டம், நாங்கள் ஏழு. சமமானால் போன வருடம் வென்ற எங்களிடமே வாளி தங்கும். கடைசி ஆள் நான். அடித்த அடியில் பந்து மரங்களுக்குள் போனது. மூன்று சப்பாத்தைக் கடந்து நாலாவதுக்கு வந்தால், மாஸ்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கிறார். பந்து என்னில் படவேயில்லை. நான் சப்பாத்தைத் தொட்டேன்.

காவலாளி விசில் ஊதினார். அவுட்டாம்! பந்து முந்தி வந்தால் அவுட் என்று ஏதோ அமெரிக்கப் படத்தில் பார்த்தாராம்.

நான் வாயைத் திறக்க, மாஸ்டர் காதருகே வந்தார்.

"கத்து தம்பி, நல்லாக் கத்து. இது எல்லே, எல்லேயிலை இது அவுட் இல்லையெண்டு அவருக்கு விளங்கப்படுத்து. வாளி உனக்கு. மைதானம் ஆருக்கு?"

வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அது ஒருதரம்தான். இன்றைக்கும் சொல்கிறேன், நான் அவுட் இல்லை.

காவலாளி எல்லோருக்கும் கைகொடுத்து, இனி ஒவ்வொரு திங்களும் வாருங்கள், விசில் நான் ஊதுகிறேன் என்றார். மாஸ்டர் தாங்கள் வென்ற வாளியை என் கையில் திணித்தார்.

"அவுட்டானவன்தான் தூக்கவேணும்."

லா சப்பல் மெட்ரோ வாசலில், ஆட்டத்துக்கு வராத எங்கள் ஊர்ப் பெடியள் வாளியைக் கண்டுவிட்டார்கள்.

"அண்ணை, இந்த முறையும் நாங்களோ?"

"ஓம்" என்று கைகொடுத்தேன்.

மாஸ்டர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் எனக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னார்.