லைனில் வைத்த குடங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டேன். படித்த இங்கிலீஷில் முழுதாக மிஞ்சியது ‘லைன்’ என்ற ஒரு சொல்தான்.

ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர், அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் வாக்கியம் எழுதி வரச் சொன்னார். அதிகம் எழுதுகிறவர் பிரேயரில் படிக்கலாம். நோட்டில் போடும் கோடு, கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளம், கரன்ட் கம்பி, தண்ணீர் லாரிக்கு நிற்கும் வரிசை என்று எனக்கு நான்கு கிடைத்தன.

அன்று சாயங்காலம் லாரி வரும் நாள். விட்டால் இரண்டு நாளைக்குச் சமையலுக்கே தண்ணீர் இருக்காது. அம்மா கேன்டீன் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும். அதனால் வரிசை என் பொறுப்பு. நான்கு குடங்களை வைத்தேன். பின்னால் எதிர்வீட்டு அத்தை தன் நான்கு பச்சைக் குடங்களை வைத்தாள். இதே வரிசையில் குடத்தை நகர்த்தியது யார் என்று மூண்ட சண்டையில், அவளுக்கும் அம்மாவுக்கும் பொங்கலிலிருந்து பேச்சில்லை. குடம் இடம் பிடித்துவிட்டதே என்று நான் நோட்டோடு மாமா வீட்டுக்கு ஓடினேன்.

மாமா துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறவர். “அந்தக் கயிறும் லைனுதான், எழுதிக்கோ. உங்க மாமி வூட்டாண்ட ரெண்டு வருசம் சுத்திகினு இருந்தனே, அதுவும் லைனுதான். அதயும் எழுது,” என்றார்.

“எழுதுவா, எழுதுவா. டீச்சரு முட்டி போட வெப்பாங்க,” என்றாள் மாமி. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது லாரி தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் நான்கு குடங்களும் நிறைந்து எங்கள் வாசலில் இருந்தன.

“கொடத்த வெச்சிட்டு எங்கடி ஊர் மேயப் போன?” என்றாள் எதிர்வீட்டு அத்தை. “உங்கம்மா கேட்டா, தண்ணி நானே புட்சேன்னு சொல்லு. எம்பேர எடுத்த, அவ்ளோதான்.”

எங்களுடையதை முதலில் பிடித்ததில், லாரித் தண்ணீர் தீர்ந்து அவளுடையதில் இரண்டுதான் நிறைந்திருந்தன. மற்ற இரண்டையும் தன் வாசலில் கவிழ்த்து வைத்தாள்.

அம்மா வந்ததும், “நானே புட்சேன்,” என்றேன். அம்மா எதிர்வாசலில் கவிழ்ந்திருந்த இரண்டு குடங்களையும் பார்த்தாள். “ஒரு கொடத்த தூக்கினு போய் அவ வாசல்ல வெச்சிட்டு வா. எதுவும் பேசாத.”

பாதியை என் பாவாடையில் சிந்திக்கொண்டே தூக்கிப் போனேன்.

மறுநாள் பிரேயரில் ஆறு வாக்கியம் படித்தேன். கடைசி வாக்கியத்துக்கு டீச்சரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் எங்கள் குடம் வாசலில் இருந்தது, உள்ளே ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு. யார் வைத்தது என்று கேட்காமலே அம்மா கீரையை ஆய்ந்தாள். பிடித்துத் தந்தது அத்தைதான் என்று தெரிந்தும், அம்மா சண்டைக்காரிக்கு எங்கள் தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தாளே என்ற ஆத்திரத்தில் நான் அதைத் தொடவில்லை. என் பொய்யை அம்மா நம்பிவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.