கவிழ்ந்த பிறை

என் தாய்மாமா தொலைநோக்கி ஒன்று செய்தார் என்று மட்டும் சொன்னால் அவருடைய உழைப்புக்கு அது போதிய மரியாதை ஆகாது. மதுரை மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் நின்று பொறுக்கிய ஒரு பெரிய வில்லை, பள்ளி ஆய்வுக்கூடம் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பின் கண்வில்லை, வாளி செய்பவர் உருட்டிக் கொடுத்த தகரக் குழாய் ஆகியவற்றோடு ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அவர் அதற்குள் செலுத்தியிருந்தார். அவர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். வயது இருபத்தெட்டு. மணமாகவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டுமே அவருடைய அக்காவாகிய என் அம்மாவைக் கவலைப்படுத்தியது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் அது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லின்மேல் மணல்மூட்டையை வைத்து அதில் குழாயைச் சாய்த்துவிட்டால் மேற்கு வானம் எங்களுடையதாகிவிடும். முதல் நாள் மாலை நான் அதன் வழியே மலைக்கோட்டையைப் பார்த்தேன். அத்தனை பெரிய பாறை வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. காகம் ஒன்று கால்களை மேலே வைத்தபடி அமைதியாக நடந்து போயிற்று. நான் கூவத் தொடங்கியதும் மாமா என் வாயைப் பொத்தினார்.

"அடியே, எல்லாம் தலைகீழாத் தெரியுதுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்புடாத. வீட்டைக் கவுக்கிற சாமான்னு பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுரும். சத்தியம் பண்ணு."

கணக்குப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மீறினால் படிப்பு ஏறாது என்பது நான்காம் வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

ஆவணியில் மாமாவுக்குச் சித்தையன்கோட்டையில் பெண் அமைந்தது. பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர் மூன்று நாட்கள் சனிக்கிரகத்தை மறந்திருந்தார். தேதி குறிப்பதுதான் பாக்கி. அதற்காகவும் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதற்காகவும் பெண்ணின் தகப்பனார் மூன்றாம் பிறையன்று மாலை வந்து சேர்ந்தார். அவர் விவசாயி. மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு ஒரே மகள்; வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். பெரிய தலைப்பாகை கட்டியிருந்தார். ஒரு சாக்கு நிறையத் தேங்காய் கொண்டுவந்திருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பற்றியும், வத்தலக்குண்டு பஸ்ஸில் தேங்காய்ச் சாக்கு பட்ட பாட்டைப் பற்றியும் விரிவாகப் பேசினார். தேதியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அம்மாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அப்பத் தையில வச்சுக்கிருவமா அண்ணே?"

"பார்ப்போம் தாயி. மொதல்ல பிறையைப் பார்ப்போம். கொம்பு ரெண்டும் மேல தூக்கி ஏந்துனாப்புல நின்னா மழை உண்டு. மழை இருந்தா வெள்ளாமை. வெள்ளாமை இல்லாமக் கல்யாணம் எங்கிட்டு?"

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். மலைக்கோட்டைக்கு மேலே பிறை, யாரோ கைகளைக் குவித்து ஏந்தியதுபோல் நின்றது. அம்மா கும்பிட்டாள். காரியம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா தம் கருவியைக் காட்ட அத்தனை நாளாகக் காத்திருந்தவர்.

"வெறுங்கண்ணு ஏமாத்தும்ங்க. இதுல பாருங்க. இது உள்ளதை உள்ளபடி காட்டும்."

பெரியவர் குனிந்து குழாயில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். "கவுந்து கெடக்கே."

"என்னதுண்ணே?"

"பிறைதான் தாயி. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. இந்த வருசம் வேணாம். அடுத்த தைக்குப் பார்த்துக்கிருவோம்."

மாமா குழாய்க்குப் பக்கத்தில் பாய்ந்து வந்தார். ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்தபின் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதை, பத்தாம் வகுப்பிலும் அப்படி விளக்கியிருக்கமாட்டார், அவ்வளவு உருக்கமாக விளக்கினார்.

"இப்பத்தானே மாப்பிள்ளை, உள்ளதை உள்ளபடி காட்டும்னு சொன்னீக?"

"வெறுங்கண்ணுல பாருங்க, நிமிர்ந்துதானே நிக்குது?"

"அது தூரத்துப் பார்வை. ஊருக்கு வெளிய நின்னு பார்த்தா எல்லா வீடும் நல்லாத்தான் தெரியும். கிட்டக்கப் போனாத்தானே நெசம் தெரியும்."

கருவி மெய்யானால் கல்யாணம் ஓராண்டு தள்ளிப்போகும். கல்யாணம் வேண்டுமென்றால் கருவி பொய் என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும். மாமா இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கொல்லையில் அவருக்கு ஒரே சாட்சி நான்தான்.

"நீ சொல்லு. மலைக்கோட்டை இதுல எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"எனக்குத் தெரியாது."

"அடியே!"

"சத்தியம் பண்ணியிருக்கேன் மாமா. கணக்குப் புத்தகத்து மேல."

அம்மாவின் பார்வை மெல்ல என்னிடமிருந்து மாமாவுக்கு நகர்ந்தது. "என்னடா சத்தியம்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இது எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும்க்கா. மொத நாள்ல இருந்தே. நாந்தான் சொல்லவேணாம்னேன்."

"மூணு மாசமா எம்புள்ளைக்கு இந்தக் கண்றாவியத்தான் காட்டிக்கிட்டு இருந்தியா?"

பெரியவர் இந்த வாக்குமூலத்துக்கும் அசையவில்லை. "மாப்பிள்ளை கல்யாண அவசரத்துல சொல்றாரு" என்றார். பிறை மலைக்கோட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது மறைந்துவிட்டால் வழக்கு அப்படியே நின்றுவிடும் என்பது எனக்கும் புரிந்தது. சத்தியத்திலிருந்து விடுபட்டிருந்த நான் கயிற்றுக்கட்டிலை இழுத்துவந்து போட்டேன். அதில் மல்லாந்து படுத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் குழாயில் கண்ணை வைத்தேன். கண்ணாடி ஒரு தடவை கவிழ்த்தால் நாமும் ஒரு தடவை கவிழ்ந்துவிட வேண்டியதுதானே!

"நிமிர்ந்துருச்சு! தாத்தா, நீங்களும் வந்து படுங்க!"

"எந்திரிடி! சம்பந்தம் பேச வந்தவங்களையா..." என்று அம்மா பாய்ந்தாள். ஆனால் பெரியவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பின் தலைப்பாகையை அவிழ்த்து மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்தார். மாமா தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரு கைகளாலும் அவருடைய கழுத்தைத் தாங்கினார். பெண் கொடுக்கிறவரின் தலையை மாப்பிள்ளை ஏந்தி நிற்கும் காட்சியை அதற்குப் பிறகு நான் எந்தக் கல்யாணப் பேச்சிலும் கண்டதில்லை.

"என்ன தாத்தா, நிமிர்ந்துருச்சா?"

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏந்திக்கிட்டுத்தான் நிக்குது" என்றார் கடைசியில். "சரி. தையிலேயே வச்சுக்கங்க." பிறகு குழாயிடம் சொல்வதுபோல, "தைக்கு இன்னும் அஞ்சு மாசந்தானா இருக்கு?" என்றார்.

"அதெல்லாம் அதுக்குள்ள எல்லா ஏற்பாடும் முடிச்சிரலாம்ணே" என்றாள் அம்மா, மலர்ந்துபோய்.

மாலைப் பிறை எந்த நாளும் கவிழ்ந்து நிற்பதில்லை என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். ஐம்பது ஆண்டுகளாக மாதந்தோறும் பிறை பார்த்து விதைத்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டியிருந்திராது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் எழுந்தபின் கண்வில்லை ஈரமாக இருந்தது என்பதுதான். "தாத்தா கண்ணாடிய நனைச்சுட்டாரு மாமா" என்று புகார் சொல்லிவிட்டு, பாவாடை நுனியால் அதைத் துடைத்தேன். அவர் படுத்திருக்கும்போதே கவனித்திருந்தேன்: கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்துக்கு வராமல், புருவத்தைத் தாண்டி நெற்றியை நோக்கி ஓடியது. மாமாவின் கருவி கண்ணீரையும் தலைகீழாக்கிவிடுகிறது என்று மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.