சர்க்கரை கண்ட நாயும் சூளைச் சத்தியமும்

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கூடத்தில் கோப்பைகளுக்குக் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு பூசும் பணியில் நான் இருந்தேன். என் மனைவியின் தமையனார் அங்கே சூளை மேஸ்திரி. மனைவியை இழந்து, பிள்ளைகளும் இன்றி, சூளையை ஒட்டிய அறையில் தங்கியிருந்த அவருக்குத் துணையென்று இருந்தது ஒரு செவலை நாய் மட்டுமே.

ஒரு கோடையில் அந்த நாய் ஓயாது நீர் குடிக்கத் தொடங்கிற்று. வயிறு நிறையத் தின்றும் விலா எலும்புகள் தெரியலாயின. சூளை வெக்கைதான் காரணம் என்று எல்லோரும் எண்ணினோம். நெருப்பின் முன் நிற்பவர்கள் சோர்ந்துவிடாதிருக்க வெல்லம் கரைத்த தண்ணீர் குடிப்பது எங்கள் வழக்கம். மயங்கி விழுந்தவர் நாவில் வெல்லத்தைத் தடவுவதும் உண்டு. ஆகவே இரக்கப்பட்ட கைகளெல்லாம் நாய்க்கும் வெல்லத் தண்ணீரையே ஊற்றின. அதன் கண்களில் வெண்படலம் படர்ந்தது.

களிமண் பிசையும் அம்மாள் ஒருவர்தாம் முதலில் கண்டு சொன்னார்.

“மேஸ்திரி, இது ஒன்னுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதுங்க. என்னான்னு பாருங்க.”

மறுநாள் மச்சானும் நானும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதன் சிறுநீரைச் சோதனைக் குழாயிலிருந்த நீலக் கரைசலில் சில துளிகள் விட்டு, விளக்கின் மேல் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இறுதியில் செங்கல் நிறம் கொண்டு நின்றது.

“சக்கரை வியாதி” என்றார்.

மச்சான் நம்பவில்லை. “எங்க மொதலாளிக்கு இருக்குதுங்க. நாய்க்குமா வரும்?”

“கணையம்னு ஒரு உறுப்பு, மனுசனுக்கும் இதுக்கும் ஒண்ணுதான். முன்னாடி வயித்து வலியில சுருண்டு கெடந்துச்சா? வாந்தி எடுத்துச்சா?”

எடுத்திருந்தது. முந்தைய ஆண்டு ஒரு கல்யாண வீட்டுக் கொழுப்பைத் தின்றுவிட்டு இரண்டு நாள் எழாமல் கிடந்தது. கணையம் அப்போதே புண்பட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். அதனை உறுதி செய்யும் இரத்தச் சோதனைக்கு இவ்வூரில் வசதியில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். தினமும் காலையில் இன்சுலின் போட வேண்டும், இனிப்பு ஆகாது, ஆனால் ஊசிக்குப் பின் உண்ணாமலிருந்து உடல் நடுங்கினால் மட்டும் உடனே வெல்லம் தர வேண்டும், இவை அவர் கட்டளைகள்.

மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க, கிளேஸ் பூசாத பானையில் ஈரமணல் இட்டுப் புதைத்தோம். மருத்துவர் தந்த நீலக் கரைசலில் சோதிக்கச் சிறுநீர் பிடிக்கவென்று, காலைதோறும் மச்சான் விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பையுடன் நாயின் பின்னே நடந்தார்.

“மேஸ்திரி டீ புடிக்கப் போறாரு டோய், ஆளுக்கொரு கிளாஸ் எடுத்து வையுங்க” என்று விறகு அடுக்குபவர்கள் சிரித்தனர்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எத்தனை நாள் ஊசி போட்டும் குழாயில் செங்கல் நிறமே வந்தது. யாரோ இன்னும் வெல்லத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது விளங்கிற்று. கேட்டால் ஒருவரும் ஒப்பவில்லை.

சூளை மூட்டும் நாளில் அதன் வாசலில் கற்பூரம் ஏற்றுவோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமின்றி எல்லோரும் நிற்பார்கள். அன்று மச்சான் அந்தச் சுடரின் முன் ஒவ்வொருவரையும் கை நீட்டச் செய்து, நாய்க்கு இனிப்புக் கொடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். நடுக்கத்திற்கு வெல்லம் தரலாம் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாக்காக்கி ஊற்றுவார்கள் என்று அஞ்சினார்.

சத்தியம் பலித்தது. கரைசல் பச்சையோடு நின்ற காலையில் மச்சான் முகத்தில் நெடுநாளைக்குப் பின் தெளிவு கண்டேன்.

சில வாரங்கள் சென்றன. உறவினர் ஒருவரின் சாவுக்காக நாங்கள் இருவரும் திட்டக்குடி செல்ல நேர்ந்தது. மச்சான் விடியலில் ஊசியைப் போட்டு, சோற்றையும் வைத்துவிட்டு பஸ் ஏறினார். நாய் அந்தச் சோற்றைத் தொடவில்லை. நண்பகலில் அது தள்ளாடி விழுந்து, வெட்டிவெட்டி இழுத்ததாம். சுற்றி நின்றவர்களின் அருகிலேயே வெல்லப் பானை இருந்தது. சத்தியத்தை நினைத்து ஒருவரும் கை வைக்கவில்லை. களிமண் பிசையும் அம்மாள்தாம், மயங்கிய ஆளுக்குச் செய்வது போல, வெல்லத்தைக் குழைத்து அதன் ஈறில் தடவினார். சற்று நேரத்தில் நாய் தலை தூக்கிற்று.

மாலையில் நாங்கள் திரும்பியபோது நாய் வாலாட்டியது. அம்மாளோ சுவரோரம் அழுதுகொண்டிருந்தார். ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குச் செல்பவர். ஆயினும் சூளை நெருப்புக்கு அஞ்சினார்.

“நீ செஞ்சது தப்பில்ல ஆயா. முழுசாச் சொல்லாம சத்தியம் வாங்குனவன் நான். பாவம்னு இருந்தா அது என்னுது” என்றார் மச்சான்.

அம்மாள் தேறவில்லை. மறுநாள் மச்சான் மருத்துவரையே அழைத்து வந்தார். அந்த நேரத்தில் வெல்லமே மருந்து, அதுதான் உயிரைக் காத்தது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அம்மாள் நின்றபடியே கேட்டார்.

“நீங்க சொல்றது சரிதாங்க. நெருப்புக்கு யாரு சொல்றது?”

அடுத்து சூளை மூட்டிய நாளில் மச்சான் கற்பூரத்தின் முன் தாமே கை நீட்டி, யாவரும் கேட்க, தாம் மறைத்ததை உரக்கச் சொல்லி அனைவரையும் அச்சத்தியத்திலிருந்து விடுவித்தார். அம்மாள் வந்திருந்தார், ஆனால் வாசலுக்கு வராமல் களிமண் குவியலருகிலேயே நின்றார். நாய் ஐப்பசி மழை வரை உயிரோடிருந்தது.