நாற்பதாவது லெவலும் நீல கேட்டும்

போன வாரம் என் மகளுக்குக் கல்யாணம். முன்வரிசையில் ஒரு குடும்பம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் அவர்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள் என்று நினைத்தார்கள். அழைத்தவன் நான்தான்... தப்பாக.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு மறதி. பந்தல்குடிக்கு ஸ்கூட்டரில் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிய ஆள் நான். இதைக் கேட்ட நண்பர் ஒருவர் என் போனில் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தார். நாமே உள்ளே நடப்பது போல இருக்கும். சுவர், சந்து, மறுபடி சுவர். மேப் கிடையாது. திரும்பிய திருப்பங்களை நினைவில் வைத்தே வெளியே வரவேண்டும். மூளைக்குப் பயிற்சியாம். ஒரே மாதத்தில் நாற்பதாவது லெவல் — சும்மாவா?

என் மனைவிக்கு அப்பா இல்லை. வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் பெரியப்பா. அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கிறார். முதல் பத்திரிகை அவருக்குத்தான், தாம்பாளத்தோடு, நேரில். அதில் பிசகினால் மனிதர் மண்டபத்துப் பக்கமே வரமாட்டார். அவர் வராத கல்யாணம் என் மனைவிக்குக் கல்யாணமே இல்லை.

கிளம்பும்போது மண்டபத்திலிருந்து அவளுக்கு அவசர அழைப்பு. நல்ல நேரம் முடிவதற்குள் நான் மட்டும் போகவேண்டியதாயிற்று. வழி தெரியாவிட்டால் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். நாற்பதாவது லெவல்காரனிடம் சொல்கிற பேச்சா இது?

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரே தெரு. தொலைவதற்கு வசதி கிடையாது. இங்கேயோ சந்துக்குள் சந்து, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். இடது, வலது, வலது, இடது... பெரியப்பா வீட்டுக்கு இருப்பது போலவே நீல கேட். நுழைந்துவிட்டேன்.

பெரியவர் இருக்காரா என்று சத்தமாகக் கேட்டேன். வெளியே போயிருப்பதாக ஓர் இளைஞர் சைகை காட்டினார். அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பெரியப்பா வீட்டில் நீங்கள் யார் என்று நான் எப்படிக் கேட்பது? தாம்பாளத்தோடு வந்தவனை நீ யார் என்று அவர்தான் எப்படிக் கேட்பார்? காபி கொடுத்தார். குடித்தேன். பத்திரிகையைத் தாம்பாளத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் மனைவி பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். பத்திரிகை எப்போது வரும் என்று அவர் கேட்டார். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. கண் கலங்கிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை.

உடனே புதுத் தாம்பாளத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். திருப்பம் எதையும் அவள் எண்ணவில்லை. பூக்காரம்மாவிடம் முழங்கால் வலியை விசாரித்தாள், இஸ்திரி போடுகிறவரிடம் பேரனை விசாரித்தாள், வீடு வந்துவிட்டது. காலையிலும் அவர்கள் அங்கேதான் இருந்திருப்பார்கள். நான் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

பெரியப்பா முதலில் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மொதப் பத்திரிகை எங்க மாப்ள போச்சு?"

சொன்னேன். தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடுத்த சந்துதேன். நல்ல பயக. அவுகளும் வரட்டும்."

வந்தார்கள். முந்தாநாள் அந்த இளைஞர் எங்கள் வீடு தேடியும் வந்தார், புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க. பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறாராம். வழி தெரியும்ல அண்ணே என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அந்த ஒரு வீட்டுக்குத்தேன் இவுகளுக்கு வழி தெரியும்."