நூற்றுப் பதினெட்டாவது படம்

இருபத்தைந்து வருடமாக நான் பேட்டர்ன் மாஸ்டர். பனியன் துணியில் எந்த உடம்புக்கும் அளவு போட்டு அட்டையில் வெட்டித் தருவேன். அப்படிப்பட்டவன் ஒரு சின்னத் தகரப் பெட்டிக்கு அளவெடுத்துக் கோட்டை விட்டேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி மட்டும் நம்புவாள். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் இடமில்லை என்று தினமும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "ஊட்டுலயே ஒரு சின்ன சர்வர் வெச்சுக்கலாங்கப்பா. எல்லாப் படத்தையும் அதுல போட்டுட்டா நான் இங்கிருந்தே பாத்துக்குவேன்" என்றாள். ரெடிமேடாகவே அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே கட்டுகிறேன் என்று வீடியோக்களைப் பார்த்து, கோவைக்கு நாலு நடை நடந்து சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். வைக்க ஒரே இடம்தான் இருந்தது: டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, பழைய ஸ்டெபிலைசர் இருந்த பொந்து. அதற்குள் நுழைகிற பெட்டி சோற்றுத் தூக்குப் போசியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் இடம். ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும்.

என்னிடம் மூன்றாவதாக ஒரு டிஸ்க் இருந்தது. நான் முதன்முதலில் வேலை பார்த்த சாம்பிள் யூனிட்டை மூடியபோது, "எடுத்துட்டுப் போங்க மாஸ்டர்" என்று ஓனர் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. அதையும் மூடிக்கு அடியில் சொருகிவிடலாம் என்று இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். கச்சிதமாக உட்காரும் என்று தெரிந்தது. உட்காரவும் செய்தது. டிஸ்க்கின் பின்னால் வயர் மாட்டுவதற்கு இரண்டு விரற்கடை வேண்டும் என்பதுதான் என் புத்தியில் ஏறவில்லை.

"தையலுக்கு உட மறந்துட்டீங்களா மாஸ்டர்?" என்றாள் மனைவி.

தையலுக்கு இடம் விடாமல் பேட்டர்ன் வெட்டுகிறவனை எங்கள் தொழிலில் நிற்க வைத்துத் திட்டுவோம். நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆக, பழைய டிஸ்க்குக்கு உள்ளே இடமில்லை. வெளியே ஒரு வயரில் மாட்டி, தேவையானதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஓடும்போது டக் டக்கென்று சத்தம் வேறு வந்தது. எந்த நேரம் நிற்குமோ என்ற பயத்தில் முதலில் என் பேட்டர்ன்களை எடுத்தேன். அடுத்து சாம்பிள் போட்டோக்கள். அவற்றின் பட்டியலை மட்டும் எடுத்து வைத்தேன். எதற்கும் பட்டியல் எடுப்பது என் பழக்கம். விற்றுப்போன துணிகளின் படங்கள் யாருக்கு வேண்டும் என்று வயரைக் கழற்றப் போனேன்.

"ஏனுங்க, அதுல என் மூஞ்சி இருந்தாலும் இருக்குமுங்க" என்றாள்.

அந்த யூனிட் பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்தது. நான் பேட்டர்ன் மாஸ்டர். அவள் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வரும் சாம்பிள் டெய்லர். ஓனர் வெளிநாடு போய் வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். தைத்து முடித்த சாம்பிளைப் படமெடுத்து, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். ஹேங்கரில் மாட்டினால் பனியன் துணி தோள் இறங்கிவிடும். அதனால் தைத்தவளே ஜன்னலோரம் நின்று, இரண்டு தோளையும் பிடித்துத் தன் முன்னால் தூக்கிக் காட்டுவாள். ஆளின் முகம் விழக்கூடாது என்பது ஓனரின் கட்டளை. "மூஞ்சி வருதுங்க, திருப்பிக்கோங்க" என்பேன். அவள் கழுத்தை ஒடித்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வாள். அந்தக் கழுத்தில்தான் நான் விழுந்தேன் என்பது தனிக்கதை. பத்து மணி டீயும் பன்னும், அயர்ன் மேஜையிலிருந்து எழும் ஆவி வாசனையும், அவள் மெஷின் நின்றால் என் கத்திரியும் நின்றுவிடுவதும்! அந்த ஒரு வருடத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. அடுத்த வருடம் கல்யாணம்.

அந்த வயதில் அவளுக்கு வேறு படம் கிடையாது. பிறந்த வீட்டில் கேமரா இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது பவுடர் அப்பிய வேறு யாரோ என்பாள். ஒருநாள் பச்சைக் கோடு போட்ட டாப்ஸைப் பிடித்து நின்றபோது எதையோ சொல்லிச் சிரித்து, அவள் முகம் படத்தில் விழுந்துவிட்டது. நான் சிடுசிடுத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

"அந்தப் படத்த அழிச்சீங்களா, வெச்சீங்களான்னு தெரியலீங்க. இருந்தாப் பாக்கோணும்" என்றாள். வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை அவள். என் பேட்டர்ன்களை முதலில் எடுத்ததற்கு எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலை படங்களை நகலெடுக்க விட்டு, டிஸ்க்கைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கத்துக் கட்டடம் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து வந்து சாமி படம் வரைக்கும் ஒட்டும். இந்த ஊரில் மிக்ஸி, ரிமோட், ஸ்கூட்டர் சீட் எல்லாமே பனியன் துணி உறைக்குள்தான் குடியிருக்கும். மாலையில் வந்து பார்த்தால் என் சர்வரும் மேலே வைத்த டிஸ்க்கோடு சேர்ந்து உறை மாட்டியிருந்தது. சந்தன நிறத் துணி, வயர்கள் வெளியே வர ஓரம் தைத்த ஓட்டைகள், கீழே இழுத்தால் விரியும் ரிப் பட்டி. அளவு அச்சு அசல். தொட்டேன். இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. டிஸ்க்கின் சத்தம் நின்றிருந்தது.

"அறிவிருக்குதா? அது மூச்சு உட வேண்டாமா? உன்ர மூஞ்சிய நீயே மூடிக் கொன்னுட்டியே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவள் உறையைக் கழற்றி, மடித்து வைத்தாள். "நீங்க வயருக்கு உடல, நான் காத்துக்கு உடல. ரண்டும் ஒண்ணாப் போச்சுங்க" என்றாள். எப்போதும் இருக்கும் கேலி அவள் குரலில் இல்லை.

காலையில் டிஸ்க் ஆறியிருந்தது. முருகனை வேண்டிக்கொண்டு வயரை மாட்டினேன். டக் டக். மதியத்துக்குள் மிச்சப் படங்களும் வந்து சேர்ந்தன. டிவியில் போட்டு இருவரும் பார்த்தோம். காலர், கை, பாக்கெட். எல்லாவற்றின் இரு ஓரத்திலும் அவள் விரல்கள். கண்ணாடி வளையல் போட்ட கை, ஊசி ஏறித் துணி சுற்றிய கட்டைவிரல். "இது அழுதுட்டே தெச்சதுங்க" என்று ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தாள். 117-ஆம் படத்தில் பச்சைக் கோடு டாப்ஸ் வந்தது. அடுத்தது 119. அதே டாப்ஸ், அதே கைகள். 118 இல்லை.

"சூட்டுல போயிருச்சுங்களா?" என்றாள் மெல்ல.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாளே பழியை அவள் தலையில் போட்டாகிவிட்டது; அவளும் சுமந்துகொண்டாள். நான், உறை போடுவதற்கு முன்பே எடுத்து வைத்த பட்டியலைத் திறந்தேன். அதிலும் 117, அப்புறம் 119.

"சூட்டுல போகல புள்ள. அன்னைக்கே நாந்தான் கேமராவுலயே அழிச்சிருக்கறேன்" என்றேன். முந்தின நாள் திட்டித் தீர்த்த அதே வாயால்.

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "ஓனர் சொன்னதச் செஞ்சீங்க. உடுங்க" என்று எழுந்து தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் ஒரு புது உறையோடு வந்தாள். விளையாட்டு பனியனுக்குப் போடுகிற மெஷ் துணி, உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

"இதுல காத்து போகுமுங்களா?"

"போகும். புடி, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று போனை எடுத்தேன்.

ஜன்னலோரம் போய் நின்றாள். இரண்டு மூலையையும் பிடித்து உறையைத் தூக்கினாள். நான் எதுவும் சொல்லாமலே கழுத்தை ஒடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பக்கம் பாரு புள்ள. மூஞ்சி வரோணும்."

"உறை தெரிய வேண்டாமுங்களா?"

"உறை கெடக்குது."

சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

அந்தப் படத்துக்கு 118 என்று பெயர் போட்டு அதே வரிசையில் சேர்த்தேன். மகள் பெங்களூரில் திறந்து பார்த்தால், 117-இல் இருபத்திரண்டு வயதுக் கைகள். அடுத்ததில் நாற்பத்தாறு வயதுச் சிரிப்பு. 119-இல் மறுபடியும் அதே கைகள்.