மச்சான் போனில் வந்த கல்யாண மண்டபம்

என் பெண்ணுக்கு மாகறல் பக்கம் ஒரு வரன் வந்திருந்தது. வெற்றிலைபாக்கு மாற்றுகிற வரைக்கும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மனைவி உத்தரவு. போன வரன் ஊர்வாயில் விழுந்துதான் கலைந்தது. நானும் வாயைக் கட்டினேன். விரலைக் கட்ட மறந்துவிட்டேன். போனில் ஒரே ஒருமுறை கல்யாண மண்டபம் தேடினேன். அன்றிலிருந்து நெல் விலை பார்க்கப் போனாலும் பட்டுப்புடவை விளம்பரம் வந்து நின்றது. டீக்கடையில் பக்கத்து ஆள் திரும்பினாலே போனைக் கவிழ்ப்பேன்.

பிரவுசரை மாற்றினால் தீரும் என்று நான்கை இறக்கினேன். ஒன்றில் அரைநாள் இருப்பேன், சந்தேகம் வரும், அடுத்ததற்குத் தாவுவேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பெண் சிரித்தாள்.

"நாலுக்கும் உள்ள ஒரே இன்ஜின்தாம்பா. காஞ்சிபுரம் ரூட்டு பஸ்ஸு மாதிரி, பெயின்ட்டுதான் வேற."

"வேற இன்ஜினே இல்லியா?"

"கீது. யாரு ஏறுறாங்க?"

நான் ஏறினேன். வேவு பார்க்கிற சந்துபொந்தையெல்லாம் அவளே அடைத்துக் கொடுத்தாள். புடவைகள் ஓய்ந்தன. ஆனால் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் தளம் இதில் திறக்கவில்லை. வேறு பிரவுசரில் வரச் சொன்னது. அந்தப் பெரிய இன்ஜினுக்கென்றே கடை கட்டியிருக்கிறார்கள்.

இருப்புக் கொள்ளாமல் உலாத்தும்போது மனைவியின் தம்பி வந்தான். பூட்டுப் போடாத தன் போனைச் சார்ஜில் மாட்டிவிட்டுக் கழனிக்குப் போனான். என் போன் சுத்தமாக இருக்கவேண்டுமே! அவன் போனில் ஜாதகத்தைப் போட்டேன். பொருத்தம் பிரமாதம். அந்தச் சந்தோஷத்தில் மண்டபம் பார்த்தேன், தாலிக்கொடியும் பார்த்தேன்.

வாரம் திரும்பவில்லை, வியர்த்து வந்து நின்றான்.

"மாமா, என் போன்ல தாலியும் மண்டபமுமா வந்துக்கினே கீது. எவளைக் கட்டிக்கப் போறேன்னு உன் தங்கச்சி சோறு போடமாட்டேங்குது. பேஜாராப் பூட்சி!"

மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் முகம் இறுகியது. "தாய்மாமன் நானு. எனக்கு முன்னாடி வெளம்பரக் கம்பெனிக்காரனுக்குச் சொல்லிக்கீற. மொதத் தாம்பூலமும் அவனுக்குத்தானா? ஏறு வண்டில. உன் தங்கச்சிகிட்ட நீயே வந்து சொல்லு."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் மெதுவாகக் கேட்டேன்: "மச்சான், தங்கச்சி வெளிய சொல்லாதுல்ல?"

"உன் போன்கிட்ட சொல்லாதன்னியே, கேட்டுச்சா?" என்று வண்டியை முறுக்கினான்.