வலப்பக்கம் என்றே சொன்ன டேப்லெட்டுகள்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கரண்ட் போனால் தையல் மெஷின்கள் நிற்காது, ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். வைஃபை பெட்டி மட்டும் செத்துவிடும். அது முதலாளி அறையில் இருந்தது. அந்த அறைக்கு ஜெனரேட்டர் லைன் இல்லை. பெட்டியை ஹாலுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். “வாஸ்து பாத்து வெச்சது அம்மிணி, நகத்தப்படாது” என்றார் முதலாளி.

அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் செக்கிங் மேசை டேப்லெட்டுகள் வெறும் வெள்ளையாகிவிடும். பார்த்து முடித்த பீஸ்களின் பதிவும் போய்விடும். பழி செக்கிங் அக்காக்கள் மேல்தான் விழும். பார்க்காமலே கட்டிவிட்டார்கள் என்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மறுபடி பார்க்க வைப்பார்கள். அந்தச் செயலியை எழுதியவள் நான்.

“வெள்ளிக்கிழமை சரக்கு வாங்குற பையரோட ஆள் சோதனைக்கு வர்றாரு. அவரு முன்னால இந்த டேப்லெட்டுப் பொட்டி வெளுத்துச்சுன்னா, பொட்டி காயலான் கடைக்கு. நீயும் வேற எடம் பாத்துக்கோ” என்றார் முதலாளி.

டேப்லெட்டுகள், மூடிப்போன ஒரு கம்பெனியில் பழசாக வாங்கியவை. இணையம் இல்லாமல் பக்கம் திறக்க இன்று எல்லோரும் எழுதும் முறை அந்தப் பழைய பிரவுசருக்குப் புரியாது. எல்லோரும் கைவிட்ட ஒரு முறைதான் மிச்சம்: பிடித்து வைக்க வேண்டிய கோப்புகளை ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலின் பெயரைப் பக்கத்தின் தலையில் சொல்ல வேண்டும். லாட், அளவு, லேபிள், ரிஜெக்ட் என்று என்னிடம் தனித்தனிப் பக்கங்கள். எல்லாவற்றின் தலையிலும் பட்டியலைச் சொல்லிவிட்டேன். வைஃபையை அணைத்தேன். திறந்தது! ஹாலில் நின்று கைதட்டினேன்.

வியாழக்கிழமை பையரிடமிருந்து மெயில்: சலவைக் குறிப்பு லேபிள் வலப்பக்கம் வேண்டாம், இடப்பக்கம் தைக்கவும். தையல் லைனில் மாற்றினார்கள். நானும் இணையத்திலுள்ள சர்வரில் லேபிள் பக்கத்தை மாற்றினேன். மதியம் ஹாலுக்குப் போனால் ரிஜெக்ட் கூடை நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு பீஸிலும் லேபிளைக் குறிவைத்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். டெய்லர் ஒருவர் லேபிளைப் பிரிக்கவே ஆரம்பித்திருந்தார்.

“அக்கா, இதெல்லாம் நல்ல பீஸுங்க!” என்றேன்.

“உங்க பொட்டி வலப்பக்கம்னுதானுங்க காட்டுது” என்றார் மூத்த செக்கிங் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. பட்டியலைச் சொல்லும் பக்கத்தையும் பிரவுசர் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டியலில் ஓர் எழுத்தாவது மாறும்வரை, இணைய வலை இருந்தாலும் பழையதையே காட்டும்.

பட்டியலை சர்வரிலிருந்து அழித்தேன். அது இல்லையென்று தெரிந்தால் டேப்லெட் பழையதைக் கைவிட்டுவிடும். தெரிவதற்குள் கரண்ட் போனது. வலை இல்லாமலும் ஓடு என்று நான் கெஞ்சிய டேப்லெட்டுகள் நிற்காமல் ஓடின, வலப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே. அழுகையை அடக்க முடியவில்லை.

“பொட்டி எங்கூட்டுக்காரராட்டம்ங்க. ஒருக்கா பிடிச்சதையே பிடிச்சுட்டு நிக்குது” என்றார் அக்கா. பக்கத்து மேசைகள் சிரித்தன. “அழுவாதீங்க அம்மிணி. ஏனுங்க, உங்க போன்ல நெட்டு வருமில்லீங்க?”

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கே வைத்தேன். டேப்லெட்டுகள் ஏமாந்து ஒட்டிக்கொண்டன. பட்டியல் இல்லையென்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் ஒருமுறை மூடித் திறந்து, புதியதைக் காட்ட மறுபடி மூடித் திறந்தேன். இடப்பக்கம்.

ஆனால் பட்டியலை அழித்துவிட்டதால், வெள்ளிக்கிழமை கரண்ட் போனால் மறுபடி வெறும் வெள்ளைதான். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பட்டியலைச் சொல்ல ஒரு வெற்றுப் பக்கம். மற்ற பக்கங்களுக்குள் அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சட்டகமாக மட்டும் இருக்கும். பிரவுசர் தானாகப் பிடித்து வைப்பது அந்த வெற்றுப் பக்கத்தை மட்டுமே. வலை இருந்தால் புதியது வரும். இல்லாவிட்டால்தான் சேமித்தது, மேல்வரியில் அது எப்போது வந்தது என்ற நேரத்தோடு.

வெள்ளிக்கிழமை பையரின் ஆள் மேசையருகே நின்றபோது கரண்ட் போனது. அக்கா டேப்லெட்டின் மேல்வரியை விரல் வைத்துப் படித்தார்.

“இன்னிக்குக் காலைலதுதானுங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த பீஸை எடுத்தார்.